எதிர் லாட்ஜின் வைஃபை என் கடையைக் கெடுக்கிறது, யாரிடம் புகார் கொடுப்பது?

பஜார்_குமார் | திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சி.எம்.சி. பக்கத்துத் தெரு ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. வருகிறவர்களில் பாதிப்பேர் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள். என் போர்டில் கூட தமிழுக்குக் கீழே வங்காள எழுத்துதான். ஊர் திரும்பும்போது தட்கல் போட என் கடையில்தான் உட்காருவார்கள். அவரவர் போன், அவரவர் கணக்கு, வைஃபை மட்டும் என்னுடையது. ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

இரண்டு வாரத்துக்கு முன் எதிர் லாட்ஜில் மாடிக்கு மாடி பால்கனியில் வெள்ளைப் பெட்டி மாட்டினார்கள். ஆறு எண்ணினேன். அன்றிலிருந்து சரியாகப் பத்து மணிக்கு என் வைஃபை படுத்துவிடுகிறது. என் கல்லாவில் உட்கார்ந்து போனைத் திறந்தால் என் நெட்வொர்க்கைவிட லாட்ஜ் நெட்வொர்க்குக்குக் கோடு அதிகம். நேற்று ஒரு அம்மா, ஆபரேஷன் முடிந்த மகனைக் கூட்டிப்போக டிக்கெட் கிடைக்காமல் என் கடையிலேயே அழுதுவிட்டார்.

இதற்குச் சட்டம் எதுவும் கிடையாதா? ரேடியோ வைத்திருக்கவே ஒரு காலத்தில் லைசென்ஸ் வேண்டும் என்கிறார் என் நைனா. போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி ஸ்டாம்ப் ஒட்டிய புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அவருடைய ரேடியோவும் ஒரு மாசமாகக் கொர்ரென்று கத்துகிறது, சென்னை 720 வருவதே இல்லை. அதுவும் லாட்ஜ்காரன் வேலைதான் என்பது அவர் தீர்ப்பு. புகார் எழுதி வைத்துவிட்டேன், எந்த ஆபீசுக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_சாமி | திங்கள், இரவு 10.41

புகாராவது ஒன்றாவது. ரவுட்டர் செட்டிங்கில் போய் நாட்டை மாற்றுங்க தலைவா, பவர் தானாக ஏறும். போதாவிட்டால் ஆன்லைனில் 2 வாட் ஆம்ப்ளிஃபையர் விற்கிறான், ஆன்டெனாவுக்கு நடுவில் மாட்டினால் லாட்ஜ்காரன் உங்களிடம் ஓடி வருவான். முள்ளை முள்ளால் எடுக்கணும்.

குடியாத்தம்_கவிதா | திங்கள், இரவு 11.15

சாமி அண்ணா சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். நான் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். விதியைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இங்கே பாதிச் சண்டை அது தெரியாததால் வருவது.

1933ஆம் வருட வயர்லெஸ் சட்டப்படி ரேடியோக் கருவி எதுவானாலும் கையில் வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். உங்கள் நைனா சொன்னது சரிதான். இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் அடிப்படை அதேதான்: ஒன்று அனுமதி வேண்டும், இல்லை விலக்கு வேண்டும். வைஃபைக்குக் கிடைத்திருப்பது விலக்கு. 2005 ஜனவரியில் வந்த விதியில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் தேவையில்லை என்று விட்டார்கள். சும்மா விடவில்லை. டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்தால் 4 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, பவரை அளக்கும் இன்னொரு கணக்கில் 36 டிபிஎம். ஆன்டெனா கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கான பதில் அதே விதியில் வேறொரு இடத்தில் இருக்கிறது. அடுத்தவருக்கு இடையூறு செய்யக் கூடாது, உங்களுக்கு இடையூறு வந்தால் பாதுகாப்புக் கேட்க முடியாது, அலைவரிசை யாருக்கும் தனிச்சொத்து கிடையாது. லைசென்ஸ் வாங்கியவர் யாராவது புகார் கொடுத்தால் பவரைக் குறை, பெட்டியை இடம் மாற்று என்று உங்களுக்குத்தான் உத்தரவு வரும். கேட்காவிட்டால் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களும் விலக்கில் இருக்கிறீர்கள், லாட்ஜும் விலக்கில் இருக்கிறது. பொய்கை மாட்டுச் சந்தைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், பக்கத்து ஆள் மாடு சத்தமாகக் கத்துகிறது என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்?

லாட்ஜ் பெட்டி 4 வாட் வரம்பைத் தாண்டினால் கதை வேறு. ஆனால் கடையில் வாங்கிய சாதாரணப் பெட்டி தாண்டாது.

ஆம்ப்ளிஃபையர் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 2 வாட் என்றால் 33 டிபிஎம். 5 டிபிஐ பெருக்கம் தரும் ஆன்டெனா போட்டால் இரண்டையும் கூட்டி 38. இங்கேயே விதி மீறல். அது போகட்டும், உங்கள் குரல்தான் ஏறும், எதிரே உட்கார்ந்திருக்கும் வங்காளத்து அம்மாவின் போன் குரல் ஏறாது. அது பதில் சொல்வது உங்களுக்குக் கேட்கவில்லை என்பதுதானே இப்போதைய பிரச்சினை? நீங்கள் மைக் வைத்துக் கத்தினால் அவருக்குத் தொண்டை திறந்துவிடுமா?

ஆம்பூர்_அன்வர் | செவ்வாய், காலை 7.05

மேடம், இடையில் ஒரு சந்தேகம். மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒரு ரவுட்டர் கொண்டுவந்தார். பெட்டிக்குப் பின்னால் எஃப்.சி.சி. முத்திரை இருக்கிறது. இங்கே போடலாமா? நாட்டுப் பட்டியலில் இந்தியாவே வரவில்லை.

குடியாத்தம்_கவிதா | செவ்வாய், காலை 8.30

வராது அன்வர் பாய். அமெரிக்காவில் விற்கிற பெட்டியில் நாடு பூட்டப்பட்டிருக்கும். எஃப்.சி.சி. என்பது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், அதன் முத்திரை அந்த ஊர் ரேஷன் கார்டு மாதிரி, இங்கே கடையில் காட்டினால் அரிசி போட மாட்டார்கள். இங்கே மாடலுக்கு மாடல் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் இ.டி.ஏ. என்ற கருவி ஒப்புதல் இருக்க வேண்டும். எந்த அலைவரிசை, எவ்வளவு பவர் என்பதை அது பார்க்கிறது. லேபிளில் இ.டி.ஏ. என்று தொடங்கும் நீளமான எண் இருக்கும், தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்திலும் மாடலைத் தேடலாம்.

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸில் நம் விதி தனி. 2005இல் வீட்டுக்குள் மட்டும், 200 மில்லிவாட் என்று கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். 2018 அக்டோபரில்தான் நான்கு துண்டாக 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிட்டு வெளியிலும் அனுமதித்தார்கள். 6 ஜிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதிக்கு வரைவு விதி வந்தது 2025 மே மாதத்தில். அமெரிக்கப் பெட்டி அதையெல்லாம் தெரிந்துகொண்டு பேசாது, அது அமெரிக்கா என்று நினைத்துக்கொண்டே ஆம்பூரில் ஓடும்.

பாலாறு_73 | செவ்வாய், காலை 9.12

கவிதா சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. நான் அமெச்சூர் ரேடியோக்காரன், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவன், ராணிப்பேட்டைப் பக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. எனக்கு வைஃபையைவிடக் குமார் தம்பியின் நைனா ரேடியோதான் கண்ணில் படுகிறது.

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். லாட்ஜ் பெட்டி மாட்டி இரண்டு வாரம். ரேடியோ கத்த ஆரம்பித்து ஒரு மாசம். மாட்டாத பெட்டி எப்படிக் கத்தும்?

வைஃபை ஓடுவது 2400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, நைனா கேட்பது 720 கிலோஹெர்ட்ஸ். மூவாயிரத்துச் சொச்சம் மடங்கு தூரம். வைஃபையின் ரேடியோ அலை மீடியம் வேவில் வந்து உட்காராது. ஆனால் வைஃபை பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற சாமான் தாராளமாக வந்து உட்காரும்.

ஒரு சோதனை. ரேடியோவைப் பேட்டரியில் போடுங்கள். 720இல் வைத்து, கொர்ர் சத்தம் கேட்கும்போது வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். சத்தம் நின்றால் திருடன் உங்கள் வீட்டுக்குள். நிற்காவிட்டால் தேட வேண்டிய இடம் வேறு. நைனாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெயிலில் ஃபேன் நின்றால் என்னைத் திட்டுவார்.

டவர்_தம்பி | செவ்வாய், மதியம் 1.48

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். செல்போன் கம்பெனிக்காக டவர் வேலை பார்க்கிறேன். எந்த விஷயத்துக்கு நிஜமாகவே புகார் போகும் தெரியுமா? சிக்னல் பூஸ்டர். லாட்ஜ் ரூமில் போன் எடுக்கவில்லை என்று மொட்டைமாடியில் மீன்முள்ளு ஆன்டெனா ஒன்றைக் கட்டி, கீழே ஒரு பெட்டி மாட்டுவார்கள். அந்த அலைவரிசை விலக்கில் இல்லை, கம்பெனிகள் ஏலத்தில் எடுத்தது. உரிமம் இல்லாமல் அந்தப் பெட்டியை விற்பதும் குற்றம், வாங்கி வைப்பதும் குற்றம்.

எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், டவரின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று காது அடைத்துவிடும். போன்கள் பேசுவது டவருக்குக் கேட்காது, சுற்றியிருக்கும் தெரு முழுக்கக் கால் கட் ஆகும். திசை காட்டும் ஆன்டெனாவும் அலைகளை அளக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு முறை இப்படி மூன்று நாள் அலைந்து கடைசியில் ஒரு மாடிக்குப் போனால், பூஸ்டர் ஆன்டெனாவின் மேல் யாரோ வேட்டி காயப்போட்டிருந்தார்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறை ஆட்களும் அலைவரிசைகளைக் கண்காணிக்கும் மானிட்டரிங் நிலையத்து ஆட்களும் வந்து எடுக்கச் சொல்வார்கள்.

குமார் அண்ணே, லாட்ஜ் மாடியைப் பார்த்தீங்களா?

பஜார்_குமார் | செவ்வாய், மாலை 6.30

பார்த்தேன் தம்பி! இருக்கிறது! மீன்முள்ளு மாதிரியேதான், சென்னைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்போ லாட்ஜ்காரன் மாட்டிக்கொண்டானா?

டவர்_தம்பி | செவ்வாய், மாலை 6.52

கம்பி எவ்வளவு நீளம்? புதுசா, துருப்பிடித்ததா? அதிலிருந்து இறங்கும் வயர் எங்கே போகிறது?

பஜார்_குமார் | செவ்வாய், இரவு 8.10

வாட்ச்மேனிடம் கேட்டேன். தூர்தர்ஷன் ஆன்டெனாவாம். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறதாம். வயர் பாதியில் அறுந்து தொங்குகிறது, காக்கா கூடு வேறு.

பாலாறு ஐயா, நீங்கள் சொன்ன சோதனையையும் செய்தேன். மெயினை அணைத்தேன். ஃபேன் நின்றது, நைனா உங்களைத்தான் திட்டினார். ரேடியோ கொஞ்சம் கூட அசரவில்லை, அதே கொர்ர். ஆக, வெளியிலிருந்துதான் வருகிறது. இப்போதாவது நம்புகிறீர்களா?

சத்துவாச்சாரி_சாமி | செவ்வாய், இரவு 8.14

நான் முதலிலேயே சொன்னேன்.

பாலாறு_73 | செவ்வாய், இரவு 8.40

நம்புகிறேன் தம்பி, இன்னும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். மெயினை அணைத்திருந்த அந்த இரண்டு நிமிடம் உங்கள் வைஃபை ஓடியதா, நின்றதா?

பஜார்_குமார் | செவ்வாய், இரவு 8.46

ஓடியது. அதற்கு மினி யுபிஎஸ் இருக்கிறதே. கரண்ட் போனாலும் டிக்கெட் வேலை நிற்கக் கூடாது என்று போன மாசம்தான் வாங்கினேன்.

குடியாத்தம்_கவிதா | செவ்வாய், இரவு 8.47

போன மாசம் :)

பாலாறு_73 | செவ்வாய், இரவு 9.25

ரேடியோவைப் பேட்டரியில் வைத்துக்கொண்டே மெயினையும் அணைத்து, யுபிஎஸ்ஸின் சுவிட்சையும் அணையுங்கள். அப்புறம் சொல்லுங்கள்.

அதற்குள் காரணத்தையும் எழுதிவிடுகிறேன், உட்கார்ந்தாயிற்று. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பது லித்தியம் செல். ஒரு செல் 3.7 வோல்ட். ரவுட்டருக்கு வேண்டியது 12. ஆக, உள்ளே ஒரு சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்குச் சில லட்சம் தடவை வெட்டி வெட்டி மேலே தள்ளுகிறது. வெட்டுகிற எந்தச் சர்க்யூட்டும் வெட்டும் வேகத்தில் மட்டும் இரைச்சல் போடாது, அதன் இரண்டு மடங்கில், மூன்று மடங்கில் என்று ஏணி போட்டு ஏறும். 240 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிற பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் படி சரியாக 720. பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகிற ஒன்றரை அடி வயரும், அங்கிருந்து கடைக்கு இறங்குகிற லேன் கேபிளும் ஆன்டெனா. காசு செலவில்லாமல் ஒரு வானொலி நிலையமே வைத்திருக்கிறீர்கள்.

நல்ல கம்பெனி என்றால் உள்ளே ஃபில்டர் போடுவான், ஒரு காயில், இரண்டு கெபாசிட்டர். விலையைக் குறைக்கும்போது முதலில் கழற்றுவது அதைத்தான். பெட்டி வேலை செய்வதில் ஒரு குறையும் தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆம்பூர்_அன்வர் | செவ்வாய், இரவு 9.58

என் அடாப்டரில் ஐ.எஸ்.ஐ. மாதிரி முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதே, அப்படியென்றால் இந்த இரைச்சல் வராதுதானே ஐயா?

குடியாத்தம்_கவிதா | செவ்வாய், இரவு 10.20

அது இந்தியத் தரநிலை அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு எண் பாய். அடாப்டருக்கு அவர்கள் பார்க்கும் தரம் பாதுகாப்பைப் பற்றியது. ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று பார்ப்பது. ரேடியோ இரைச்சல் அதன் கவலை இல்லை. இ.டி.ஏ. பார்ப்பது வேண்டுமென்றே அனுப்பும் அலையை, அதாவது வைஃபையின் 2.4, 5. தெரியாமல் கசியும் இரைச்சலைப் பார்ப்பது மூன்றாவதாக ஒன்று, தொலைத்தொடர்புப் பொறியியல் மையமான டி.இ.சி.யின் எம்.டி.சி.டி.இ. என்ற கட்டாயச் சான்று. 2017இல் தந்தி விதிகளைத் திருத்திக் கொண்டுவந்தார்கள், ரவுட்டர், வைஃபை பெட்டி எல்லாம் படிப்படியாக அதற்குள் வந்தன.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ரவுட்டரைச் சோதனைக்கூடத்தில் வைக்கும்போது அதனுடன் வந்த அடாப்டரை மாட்டித்தான் அளப்பார்கள். நாம் அதைக் கழற்றி வைத்துவிட்டு பஜாரில் வாங்கிய யுபிஎஸ்ஸை மாட்டுகிறோம். சான்று பெட்டி மேல் ஒட்டியபடியே இருக்கிறது, சோதித்த சாமான் அலமாரியில் தூங்குகிறது. என் கல்லூரியில் பாதி அலமாரி அப்படித்தான்.

இன்னொன்று. சென்னை ரிச்சி தெருவில் ஆபீஸ் சாமான் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சுவிட்ச் வாங்குகிறார்களே, அடியில் 'ஏ' வகுப்பு என்று எழுதியிருக்கும். வீட்டில் வைத்தால் ரேடியோவுக்குத் தொல்லை வரலாம் என்று அவனே எச்சரித்து எழுதியிருப்பான். வீட்டுக்கு உரியது 'பி' வகுப்பு, அதற்கு இரைச்சல் வரம்பு இன்னும் கடுமை.

ஆம்பூர்_அன்வர் | செவ்வாய், இரவு 10.31

இப்போதுதான் கவிழ்த்துப் பார்த்தேன். 'ஏ'. ஷூ கம்பெனியிலிருந்து வந்தது, ஃபேனும் ஜெட் மாதிரி கத்தும். விடுங்கள்.

பஜார்_குமார் | புதன், காலை 6.15

யுபிஎஸ்ஸை அணைத்ததும் ரேடியோ கப்சிப். ஒரு நொடி செத்துவிட்டது என்று நினைத்தேன், அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது, நெல்லுக்கு உரம் போடுவது பற்றி. நைனா ஒன்றும் சொல்லவில்லை. வால்யூமைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுபடி சுவிட்சைப் போட்டேன், கொர்ர். ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். படிக்கட்டுச் சுவரில் லேன் கேபிள் ஆணியடித்து இறங்குகிறது, அதன் பக்கத்தில் பிடித்தால் உறுமுகிறது, ஓரடி தள்ளினால் அடங்குகிறது. கடை வரைக்கும் அப்படியே வழி காட்டிக்கொண்டு போனது.

புகார் மனுவைக் கிழித்துவிட்டேன். பாதியை மட்டும். வைஃபை பிரச்சினை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பாலாறு_73 | புதன், காலை 7.00

அருமை. ரேடியோவை வைத்து மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள், இனி எல்.இ.டி. டியூப், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடிக்கலாம்.

மருந்து: பழைய கம்ப்யூட்டர் கேபிளில் முனைக்குப் பக்கத்தில் கறுப்பு உருண்டை இருக்கும், அதற்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருள். அது இரண்டாகத் திறக்கிற ரகமாகக் கிடைத்தால் நல்லது, உள் துவாரம் பெரிதாகப் பார்த்து வாங்குங்கள். யுபிஎஸ்ஸிலிருந்து ரவுட்டருக்குப் போகும் வயரை அதில் ஏழு சுற்றுச் சுற்றுங்கள். சும்மா ஒரு தடவை நுழைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று வராதீர்கள். மீடியம் வேவில் ஒரு சுற்று எதற்கும் ஆகாது. தடுக்கும் சக்தி சுற்றின் வர்க்கத்தில் ஏறும், ஏழு சுற்று என்றால் ஒன்றுக்கு நாற்பத்தொன்பது. லேன் கேபிளுக்கும் முடிந்தால் அதே மாதிரி ஒன்று.

முழுக்கப் போகாது, குறையும். மிச்சத்துக்கு ரேடியோவைத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு, ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கி நிலையம் நிற்கும்.

இரும்புக்கட்டி மாதிரி கனக்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை மாட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். இரைச்சல் இருக்காதுதான், ஆனால் 12 என்று எழுதிவிட்டு லோடு குறைந்தால் 16 வோல்ட் தள்ளும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ரவுட்டரில் மாட்டாதீர்கள்.

குடியாத்தம்_கவிதா | புதன், காலை 9.20

இப்போது வைஃபைக்கு வருவோம். குமார் அண்ணா, சேனல் பார்க்கும் ஆப் ஒன்றை இறக்கி, சரியாகப் பத்து மணிக்குக் கல்லாவில் நின்று பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் யார் யார் எந்தச் சேனல் (அந்த அலைவரிசைக்குள் எண் போட்ட இடம்), எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று எழுதுங்கள். உங்களுடையதையும் மறக்காமல்.

பஜார்_குமார் | புதன், காலை 10.25

லாட்ஜ் ஆறு பெட்டி: 3, 3, 3, 8, 8, 8. எல்லாம் 20. மற்ற லாட்ஜ், மெடிக்கல், மெஸ் எல்லாம் சேர்த்து 31 பெயர் வருகிறது. என்னுடையது 9, அகலம் 40.

குடியாத்தம்_கவிதா | புதன், காலை 10.40

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மொத்த மைதானமே 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் நீங்கள் ஒருவரே 40ஐப் படுத்துக்கொண்டு அடைத்திருக்கிறீர்கள். லாட்ஜ்காரர் 20க்குத்தான் உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்த இடம்தான் தப்பு. 3இல் உட்கார்ந்தால் 1இல் இருப்பவனுக்கும் தொல்லை, 6இல் இருப்பவனுக்கும் தொல்லை. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு பெட்டிகளாவது ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும். அரைகுறையாக மோதிக்கொள்ளும் சேனல்களில் அந்த மரியாதை கிடையாது, இரண்டு பேர் பேச்சும் குழம்பும். அதனால்தான் 1, 6, 11 என்று மூன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

உங்கள் அகலத்தை இன்றைக்கே 20 ஆக்குங்கள், 11க்குப் போங்கள். கடைக் கம்ப்யூட்டருக்கு எதற்கு வைஃபை? கேபிள் போடுங்கள். வருகிறவர் போன்களை 5 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள், அது சுவரைத் தாண்டத் திணறும், உங்களுக்கு அதுதான் வேண்டும், லாட்ஜ் சத்தம் உள்ளே வராது. சேனலை ஆட்டோவில் விடாமல் 36 அல்லது 149இல் நிறுத்துங்கள். 52 முதல் 144 வரை ரேடார் பார்த்து ஒதுங்கும் சேனல்கள். அங்கே போனால் முதலில் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும், நடுவில் ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் அரை மணி நேரம் அந்தப் பக்கமே வராது. தட்கல் நேரத்தில் அந்த விளையாட்டு உங்களுக்கு ஆகாது.

ஆம்பூர்_அன்வர் | புதன், காலை 11.02

அரக்கோணத்தில் கடற்படை விமானத்தளம் இருக்கிறதே, அந்த விமானங்கள்தான் காரணமோ? என் ரவுட்டரின் லாகில் வாரத்துக்கு இரண்டு முறை ரேடார் என்று வருகிறது.

குடியாத்தம்_கவிதா | புதன், காலை 11.10

லாகைப் பார்த்து அப்படிச் சொல்லவே முடியாது பாய். பக்கத்து ரவுட்டரின் அரைகுறைத் துடிப்பையே ரேடார் என்று நினைத்து ஓடுகிற பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடார் கூட எஸ் பேண்ட், நம் 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமே வராது. பயந்த சுபாவம் உள்ள ரவுட்டர், அவ்வளவுதான்.

திருப்பத்தூர்_தேவி | புதன், மதியம் 2.15

சம்பந்தமில்லாமல் ஒன்று. எங்கள் ஊர் காவலூரில் தொலைநோக்கி இருக்கிறதே, மலையில் வைஃபை போட்டால் அதற்குக் கெடுதலா என்று பசங்க கேட்கிறார்கள்.

பாலாறு_73 | புதன், மதியம் 3.00

இல்லை அம்மா. அது வெளிச்சத்தைப் பார்க்கிற தொலைநோக்கி, 2.34 மீட்டர் கண்ணாடி, 1986இல் திறந்தது. அதற்கு எதிரி ஜவ்வாது மலையடிவாரத்தில் வானத்தைப் பார்த்து எரியும் ஃபோகஸ் லைட். வைஃபை போட்டுக்கொள்ளுங்கள், முற்றத்து விளக்குக்கு மூடி போடுங்கள்.

பஜார்_குமார் | வெள்ளி, இரவு 9.40

லாட்ஜ் மேனேஜரிடம் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன், ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். மேஜை மேல் ஒரு நோட்டுப் புத்தகம், தங்கியவர்கள் எழுதிய குறைகள். அதைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். மூன்று ரூமில் ஒரே குறை: வைஃபை வரவில்லை, எதிர் ஜெராக்ஸ் கடை வைஃபைதான் முழுக்கோடு காட்டுகிறது.

கவிதா மேடம் எழுதியதை போனில் காட்டினேன். பெட்டி மாட்டிய பையனைக் கூப்பிட்டு 3, 8 எல்லாவற்றையும் எடுத்து 1, 6 என்று மாடிக்கு மாடி மாற்றி வைத்தார்கள், பவரையும் பாதியாகக் குறைத்தார்கள். 11ஐ எனக்கு விட்டுவிட்டார்கள். நானும் 20க்கு வந்துவிட்டேன். இன்று பத்து மணிக்கு ஏழு பேர் உட்கார்ந்தார்கள், ஐந்து பேருக்கு டிக்கெட் விழுந்தது. இரண்டு பேருக்கு வெயிட்டிங், அது ரயில்வே பாடு.

ஃபெரைட் உருண்டை பழைய சாமான் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. ஏழு சுற்று நுழையவில்லை, ஐந்துதான் போனது. சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு நைனா ரேடியோவை ஜன்னல் பக்கம் சாய்வாக வைத்துக் கீழே ஒரு தீப்பெட்டி கொடுத்திருக்கிறார். அந்தத் தீப்பெட்டியை யாரும் தொடக் கூடாதாம்.

சத்துவாச்சாரி_சாமி | வெள்ளி, இரவு 9.55

அப்போ அந்த 2 வாட் ஆம்ப்ளிஃபையர் யாருக்காவது வேணுமா? நான் ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டேன்.

டவர்_தம்பி | வெள்ளி, இரவு 10.01

திருப்பி அனுப்புங்க அண்ணே.

பஜார்_குமார் | சனி, காலை 6.50

பாலாறு ஐயாவுக்கு நைனா ஒன்று கேட்கச் சொன்னார். லைசென்ஸ் புத்தகத்தில் கடைசி ஸ்டாம்ப் 1984. அதற்கப்புறம் கட்டவே இல்லை. அந்தப் பாக்கியை இப்போது யாராவது வந்து கேட்பார்களா?

பாலாறு_73 | சனி, காலை 7.20

கேட்க மாட்டார்கள். அதற்கடுத்த வருடமே அந்த லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு நாள் வேலூர் வரும்போது பார்க்க வருகிறேன்.

பஜார்_குமார் | சனி, காலை 7.31

வாருங்கள் ஐயா. பத்து மணிக்கு முன்னால் வேண்டாம்.